மேப்பிள் மரத்துக் கொடும்பாவி

என் கணவர் ஜெயபிரகாஷ், ஸ்டாப் சைன் கண்ட இடத்தில், நாலு பக்கமும் ஈ காக்கை இல்லாவிட்டாலும், முழுதாக மூன்று விநாடி காரை நிறுத்துகிறவர். வாய்க்குள் எண்ணவும் செய்வார். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்துத் தீர்த்தாலும் எண்ணி முடித்துத்தான் நகர்வார். அப்படிப்பட்ட மனிதரின் வீட்டு வாசலில், அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, போலீஸ் கார் வந்து நின்றது. காரணம் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடம். சொன்னால் யார் நம்புவார்கள்?

நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் நாங்கள் இருப்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. அமெரிக்கா வந்து பதினேழு வருடம் ஆகிறது. அதில் பன்னிரண்டு வருடம் கிரீன் கார்டு வரிசையில் நின்றதிலேயே போய்விட்டது. அந்த மாதம்தான் நேர்காணலுக்குக் கடிதம் வந்திருந்தது. நவம்பர் பன்னிரண்டாம் தேதி, காலை ஒன்பதே காலுக்கு. அந்தக் கடிதத்தை அவர் பூஜை அறையில் கொண்டுபோய் வைத்தார். நான் எடுத்து ஃபைலில் வைத்தேன். மறுபடி பூஜை அறைக்குப் போயிற்று.

அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. எந்தக் காவல் அதிகாரியாலாவது, எந்தக் காரணத்துக்காகவாவது, நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதோ தடுத்து வைக்கப்பட்டதோ உண்டா? இல்லை என்று நிம்மதியாகக் குறியிடுவதற்காகத்தான் எங்கள் வாழ்க்கையையே நடத்தி வந்தோம். என் கணவர் குப்பைத் தொட்டியை நகராட்சி சொன்ன கிழமைக்கு முந்தின நாள் வைக்க மாட்டார். யாராவது வம்புக்கு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிடுவார். எங்கள் மகள் லக்ஷிகா இங்கேயே பிறந்தவள், பதின்மூன்று வயது. அவள் இந்த நாட்டுக் குடிமகள். நாங்கள் இரண்டு பேரும் அவள் நாட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி.

அடங்கி நடக்கிறவர்களுக்குக் கோபம் இல்லை என்று அர்த்தமா? அவருக்கு உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த வருடமும் வீட்டு வரி ஏறியது. இங்கே பள்ளிக்கூடச் செலவு வீட்டு வரியிலிருந்துதான். அதை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற பள்ளிக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. வேட்பாளர்களின் நோட்டீஸ்கள் தபாலில் வரும். ஒவ்வொன்றையும் நின்று முழுக்கப் படிப்பார். படித்து முடித்து, ஓட்டுப் போட உரிமை இல்லாத கையால் அதை நாலாகக் கிழித்து ரீசைக்கிள் டப்பாவில் போடுவார்.

இந்த நேரம் பார்த்து லக்ஷிகாவுக்குப் பள்ளியில் ப்ராஜெக்ட் வந்தது. இங்கிலாந்து அரசாங்கம் போட்ட வரிகளும் சட்டங்களும் இங்கே குடியேறியிருந்தவர்களை எப்படிக் கொதிக்க வைத்தன என்பது பாடம். லக்ஷிகாவுக்கும் அவளுடைய உயிர்த்தோழி நவோமிக்கும் கிடைத்தது முத்திரை வரி. நவோமி எதிர் வரிசை வீட்டுப் பெண். கறுப்பினக் குடும்பம். அப்பா மார்கஸ் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார், அம்மா டெனிஸ் ஒரு நூலகத்தில் இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமைகூட லக்ஷிகா அவர்கள் வீட்டில்தான் படுத்துத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் என் கணவர் புத்தகத்தை மகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"ஆயிரத்தெழுநூத்து அறுபத்தஞ்சு. எவனோ லண்டன்ல உக்காந்துக்கிட்டு சட்டம் போடறான். இங்க நீ உயில் எழுதணும்னாலும் அவன் முத்திரை குத்துன பேப்பர்லதான் எழுதணும். நியூஸ்பேப்பர் வாங்குனா வரி. சீட்டு விளையாடுனா அதுக்கும் வரி. காசு கூட பெரிசில்ல புஷ்பா. ஒரு வார்த்தை கேக்கலங்கறான் பாரு, அங்கதான் சுருக்குன்னு குத்துது."

"அப்பா, ஐ நோ. எல்லாம் புக்லயே இருக்கு," என்றாள் லக்ஷிகா.

"உனக்கு புக்ல இருக்கு. எனக்கு வருஷா வருஷம் ஏப்ரல்ல வரி கட்டறப்ப இருக்கு."

அவர் இருநூற்று அறுபது வருடத்துக்கு முந்தின கதையைச் சொல்லவில்லை, தன் கதையைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது, சாம்பார் ஆறுகிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த பக்கத்தில் இருந்ததை லக்ஷிகா வாசித்தாள். பாஸ்டன் நகரத்தில் முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்டவனைப் போல ஒரு பொம்மை செய்து, ஒரு பெரிய மரத்தில் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்களாம். ஊரே கூடி வேடிக்கை பார்த்ததாம். அந்த ஆள் பயந்துபோய் மறுநாளே வேலையை விட்டுவிட்டானாம்.

என் கணவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "அட, இது நம்ம கொடும்பாவிடா!"

மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது பஸ் கட்டணத்தை ஏற்றியதற்கு அவரும் நண்பர்களும் வைக்கோல் திணித்துக் கொடும்பாவி கட்டி இழுத்த கதையை நான் முப்பது தடவையாவது கேட்டிருக்கிறேன். முப்பத்தோராவது தடவையும் சொன்னார். பிறகு, "நான் செஞ்சு தரேன் லக்ஷி. உங்க டீச்சர் அசந்துருவாங்க," என்றார்.

"நோ அப்பா. போஸ்டர் மட்டும்தான். நானும் நவோமியும் டிசைட் பண்ணியாச்சு."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நானும் லக்ஷிகாவும் நடன வகுப்புக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்பினோம். அவள் களைத்துப்போய் மாடிக்குப் போய்விட்டாள். நான் காராஜுக்குள் போனபோது அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார், சின்னப் பையன் மாதிரி. பாசுமதி அரிசி வந்த சணல் பை தலையாகியிருந்தது. மைக் கறை பட்ட பழைய வெள்ளைச் சட்டைக்குள்ளும் காக்கி பேன்ட்டுக்குள்ளும் உதிர்ந்த இலைகளைத் திணித்திருந்தார். லக்ஷிகா அறைச் சுவரில் கரும்பலகைக்காக அடித்து மிச்சமிருந்த கறுப்பு பெயின்ட்டை எடுத்து முகம் முழுக்கப் பூசியிருந்தார். வெள்ளையாக இரண்டு உருண்டைக் கண்கள், தொங்குகிற சிவப்பு நாக்கு. ஊரில் கட்டிக்கொண்டிருக்கிற வீடு எதிலும் கண்ணேறு படாமல் இருக்கத் தொங்கவிடுவோமே, அந்தத் திருஷ்டி பொம்மை அப்படியே வந்திருந்தது. மார்பில் மாட்ட 'ஸ்டாம்ப் மேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையும் தயாராக இருந்தது.

"அவதான் வேண்டாம்னாளே," என்றேன்.

"பாத்தான்னா சந்தோஷப்படுவா. சர்ப்ரைஸ்."

நான் சிரித்தேன். இதை மறைக்கப் போவதில்லை. நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெயின்ட் நாற்றம் போக வேண்டும் என்று சொல்லி, வாசலில் நடைபாதை ஓரத்து மேப்பிள் மரத்தில் பொம்மையைக் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். அட்டை காராஜிலேயே வாஷிங் மெஷின் மேல் கிடந்தது. பொம்மைக்குப் பக்கத்தில் நின்று தோளில் கை போட்டுக்கொண்டு, "ஒரு போட்டோ எடு புஷ்பா," என்றார். எடுத்தேன். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். விருதுநகரிலிருந்து அவர் தம்பி உடனே சிரிப்பு முகம் ஐந்து அனுப்பினார். என் கணவர் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்க, இந்தியக் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கிளம்பிப் போனார். லக்ஷிகா இன்னும் எழுந்திருக்கவில்லை.

நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெனிஸின் கார் தெரு நடுவில் நின்றது. அவள் இறங்கினாள். சர்ச்சுக்குப் போகிற உடை. பின்னாலேயே நவோமி, மஞ்சள் கவுனில். இரண்டு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். டெனிஸ் என்னைப் பார்த்தாள். கையசைக்கவில்லை. நவோமியைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். லக்ஷிகா கலைந்த தலையோடு ஓடி வந்தாள். மாடி ஜன்னலில் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, வாட் டிட் அப்பா டூ?"

"என்னடி? உன் ப்ராஜெக்ட்டுக்குத்தான்..."

அவள் ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். இந்த நாட்டில் கறுப்பின மக்களை இப்படித்தான் மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றார்கள். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். கூட்டம் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதைத் தபால் அட்டையாகப் போட்டு உறவினருக்கு அனுப்பினார்கள்.

இதை நானும் எங்கேயோ படித்திருந்தேன். படிக்காமல் இல்லை. ஆனால் அது எனக்குச் சம்பந்தமில்லாத யாருடைய கதையோ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனவள் நான். மேசைமேல் கிடந்த என் போனில் அந்தப் போட்டோவுக்கு இன்னும் சிரிப்பு முகங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

போய் அவிழ்த்துவிடலாம் என்று கதவைத் திறப்பதற்குள் போலீஸ் கார் வந்துவிட்டது.

அதிகாரி பெயர் ரிவேரா. நடுத்தர வயது, அதட்டாத குரல். பொம்மையை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தார். அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இந்தப் பொம்மை யாருடையது என்று என்னைக் கேட்டார்.

"வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

"என் கணவர். கடைக்குப் போயிருக்கிறார்."

"கூப்பிடுங்கள். உடனே வரச் சொல்லுங்கள்."

கூப்பிட்டேன். அதிகாரியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டே தமிழில் பேசினேன். "என்னங்க, வீட்டுக்கு வராதீங்க. போலீஸ் நிக்குது. அந்த பொம்மைதான் பிரச்சினை. நான் சொல்ற வரைக்கும் எங்கயாவது கோயில்ல போய் உக்காருங்க. இன்டர்வியூவை நெனைச்சுப் பாருங்க. வந்துராதீங்க." அவர் ஏன், எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன். அதிகாரியிடம், "கடையில் கூட்டமாம், நேரமாகுமாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பதினேழு வருடத்தில் நான் இந்த நாட்டு அதிகாரி ஒருவரிடம் சொன்ன முதல் பொய். ஒரு உறுத்தலும் இல்லாமல் வாயிலிருந்து வந்தது.

லக்ஷிகாவுக்குத் தமிழ் சரளமாகப் பேச வராதே தவிர, புரியாமல் இல்லை. அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு வாசல் படியில் இறங்கினாள்.

"நான்தான் செய்தேன்," என்றாள் அதிகாரியிடம். "ஸ்கூல் ப்ராஜெக்ட். என் அப்பா அம்மாவுக்கு இது என்னவென்றே தெரியாது."

"உன் வயது?"

"பதின்மூன்று. நான் இங்கே பிறந்தவள். நியூ ஜெர்சியில்." அதைக் கேட்காமலே சொன்னாள்.

எதற்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இரவு சாப்பாட்டில் நாங்கள் எத்தனை தடவை அந்த விண்ணப்பக் கேள்வியைப் பற்றிப் பேசியிருப்போம். நம் மேல் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் போச்சு, அவளுக்குப் பரவாயில்லை, அவளை யாரும் அனுப்ப முடியாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம். அத்தனையும் கேட்டு வளர்ந்த பெண் கணக்குப் போட்டுவிட்டாள். போட்ட கணக்கு சரியாகவும் இருந்தது. அதனால்தான் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் பெண் என் கண் முன்னால் தன் தலையைக் கொடுக்கிறாள், நான் நவம்பர் பன்னிரண்டை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதிகாரி குறிப்பேட்டைத் திருப்பினார். "முகத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தது யார்?"

"நான்."

"கழுத்தில் கயிறு?"

"நான்தான்."

இனவெறுப்புச் சம்பவமாகப் பதிவாகும் என்றார். வயது குறைவு என்பதால் பள்ளிக்கும் தகவல் போகும், அங்கே அவர்கள் தனியாக விசாரிப்பார்கள் என்றார். முழுப் பெயரைக் கேட்டார். லக்ஷிகா சொன்னாள். அவர் எழுதத் தொடங்கினார்.

டெனிஸ் தெருவைக் கடந்து வந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீயா?" என்று லக்ஷிகாவிடம் கேட்டாள். "நீயா செய்தாய்? போன வெள்ளிக்கிழமை என் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு மார்கஸ் செய்து கொடுத்த பான்கேக்கைச் சாப்பிட்டாயே, அந்த நீயா?"

லக்ஷிகா ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

நவோமி அம்மாவின் பின்னாலிருந்து வந்தாள். பாடம் அவளுக்கும் தெரியும். பொம்மை யார் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "போஸ்டர்தானே சொன்னோம்," என்றாள் மெதுவாக. பிறகு மரத்தைப் பார்த்தாள். அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். "ஸ்டாம்ப் விற்றவன் வெள்ளைக்காரன், லக்ஷி. அவனை ஏன் எங்கள் அப்பா மாதிரி செய்தாய்?"

உண்மையைச் சொன்னால் அப்பா போவார். சொல்லாவிட்டால் நவோமி போவாள். லக்ஷிகா திரும்பி என்னைப் பார்த்தாள். பதின்மூன்று வயதுக் குழந்தை, தன்னால் இதற்குமேல் தூக்க முடியவில்லை என்று அம்மாவைப் பார்க்கிற பார்வை.

"அவள் செய்யவில்லை," என்றேன்.

"அம்மா, ஸ்டாப்," என்றாள் லக்ஷிகா.

"அவள் செய்யவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னாள். என் கணவர் செய்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிரித்தேன். போட்டோவும் எடுத்தேன்." அதிகாரி நிமிர்ந்தார். நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று தோன்றியதால் மிச்சத்தையும் சொன்னேன். "போனில் நான் அவரை வரச் சொல்லவில்லை. வராதீர்கள் என்று சொன்னேன்."

அதிகாரி குறிப்பேட்டை மூடி மறுபடி திறந்தார். அவர் முகத்திலிருந்த கொஞ்ச மென்மையும் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஹோண்டா தெருமுனையில் திரும்பியது. தெருமுனை ஸ்டாப் சைனில் நிற்கவே இல்லை. போலீஸ் கண் முன்னாலேயே நேராக வந்து நின்றது.

"பிள்ளை வீட்ல இருக்கறப்ப நான் எப்படி கோயில்ல போய் உக்காருவேன்?" என்றார் என்னிடம், இறங்கும்போதே. கையில் கறிவேப்பிலைப் பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

அதிகாரி கேட்டார். இவர் ஆமாம், நான்தான் என்றார். பிறகு விளக்க ஆரம்பித்தார், அதுதான் தப்பு. போனை எடுத்துத் தம்பி கட்டுகிற வீட்டின் முன்னால் தொங்குகிற திருஷ்டி பொம்மையைக் காட்டினார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு, முகம் எப்போதும் கறுப்புதான், யாரையும் குறிக்காது, போராட்டத்திலும் இப்படித்தான் செய்வோம், இது வெறும் பொம்மை சார் என்றார். 'வெறும் பொம்மை' என்று மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் டெனிஸின் முகம் இன்னும் இறுகியது.

"முதலில் அதை இறக்குங்கள்," என்றார் அதிகாரி. "குழந்தைகள் நிற்கிறார்கள்."

பொம்மை கனமாக இருந்தது. ஈர இலை. முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கயிற்றைத் தளர்த்த வேண்டுமானால் ஒரு கையால் அதன் கால்களைச் சேர்த்துப் பிடித்து மேலே தூக்க வேண்டும். அவர் தூக்கினார். அதன் தலை சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. அவருடைய பழைய சட்டை, அவருடைய பழைய பேன்ட். அப்படியே நின்றுவிட்டார். கயிற்றில் வைத்த கை நகரவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தொங்கவிட்டவர்களை அவர்கள் வீட்டார் இப்படித்தானே இறக்கியிருப்பார்கள்.

முடிச்சை அவிழ்த்து, பொம்மையைப் புல்லின் மேல் மெதுவாகக் கிடத்தினார். டெனிஸிடம் திரும்பினார். வெறும் பொம்மை என்று சொல்லவில்லை. "மன்னிச்சிருங்க," என்றார் தமிழில், பிறகுதான் ஆங்கிலத்தில்.

"யார் அது?" என்று கேட்டாள் டெனிஸ்.

"வரி வசூலிக்கிறவன். எனக்குக் கோபம்." பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினேழு வருடமாகக் கட்டுகிறேன். ஒரு விஷயத்திலும் என்னை யாரும் கேட்டதில்லை."

டெனிஸ் சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை. "என் அப்பா மிசிசிப்பிக்காரர். பதினாறு வயதிலிருந்து வேலை செய்து வரி கட்டினார். முப்பது வயதுக்கு மேல்தான் முதல் ஓட்டு. அதுவரை, ஓட்டுப் போட வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு வரி கட்டு என்றார்கள். கட்டுகிறேன் என்று போனால் மரத்தைக் காட்டினார்கள்." அவள் மேப்பிள் மரத்தைப் பார்த்தாள். "உங்கள் கோபம் எனக்குப் புரியும், ஜே.பி. அதைப் பேச எதிர் வீட்டில் ஒருத்தி இருக்கிறேன் என்று உங்களுக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லையே."



புகாரில் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று அதிகாரி டெனிஸிடம் பேனாவைக் கொடுத்துக் கேட்டார். எங்கள் பன்னிரண்டு வருடமும் அவள் கையிலிருந்த அந்தப் பேனாவில் இருந்தது. எனக்குக் கெஞ்ச வேண்டும் போலிருந்தது. லக்ஷிகா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனால் கெஞ்சவில்லை.

"கண்ணால் பார்த்ததை எழுதுவேன்," என்றாள் டெனிஸ். "எழுதாமல் இருக்க என்னால் முடியாது. அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதை எழுத மாட்டேன்."

"எழுதுங்கள்," என்றார் என் கணவர்.

"என் பேரை எழுதுங்கள்," என்று லக்ஷிகா அதிகாரியிடம் கெஞ்சினாள். "ப்ளீஸ். என் பேரை ஏற்கெனவே எழுதிவிட்டீர்களே."

"லக்ஷி, நகரு," என்றார் அவர். பர்ஸைத் திறந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அந்த அட்டையைப் போலீஸ் யாரிடமும் காட்ட நேர்ந்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை வருடம் அந்த மூன்று விநாடிகளை எண்ணினார்.

அதிகாரி கைது செய்யவில்லை. பெயரை எழுதிக்கொண்டார். அரசு வழக்கறிஞர் அலுவலகம் பார்த்துவிட்டுச் சொல்லும் என்றார். எனக்கும் ஒரு எச்சரிக்கை கிடைத்தது. பொம்மையைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டு டிக்கியில் வைத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் எங்கள் இமிக்ரேஷன் வக்கீல் போனில் பேசினார். எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும், மறைத்தால் இன்னும் மோசம் என்றார். நேர்காணல் தள்ளிப் போகலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம், எல்லாமே ஆகவும் செய்யலாம். எதற்கும் உறுதி சொல்ல முடியாது என்று சொல்வதற்கு அவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே லக்ஷிகா தெருவைக் கடந்து போய் நவோமி வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். டெனிஸ் வந்து ஏதோ சொன்னாள், தோளைத் தொட்டாள், கதவைச் சாத்தினாள். லக்ஷிகா அந்தச் சாத்திய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நவோமி என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"வெளியவே வரல."

"நான் போய் அவகிட்ட பேசறேன்டா," என்று என் கணவர் எழுந்தார். "நான் சொல்லிப் புரிய வைக்கறேன்."

"நோ!" அவள் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. பிறகு அழுதுகொண்டே பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். "நான் வேண்டாம்னு சொன்னேன். நீங்க கேக்கல. அம்மா போலீஸ்கிட்ட பொய் சொன்னாங்க, அப்புறம் உண்மையும் சொன்னாங்க, ரெண்டுக்கும் என்னைக் கேக்கல. நாம எதுக்கு பயப்படணும், எப்ப சிரிக்கணும், எல்லாம் நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்றீங்க. நாளைக்கு ஸ்கூலுக்குப் போறது நான். அவ பக்கத்துல உக்காரப்போறது நான். விலை குடுக்கறது மட்டும் நான். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் எழுந்தவர் எழுந்த இடத்திலேயே நின்றார். என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. லக்ஷிகா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போய்ச் சமாதானம் சொல்ல இரண்டு பேருக்கும் கால் எழவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.